இடது எஞ்சின்

விடிவெள்ளி லாஞ்சின் எஞ்சின் ரூமுக்குள் இறங்க எட்டுப் படிகள். ஐந்தாவது படியில் கஸ்பார் நின்றுவிட்டார். மேலே, திறந்து கிடந்த மூடியருகில் டிரைவர் பெனடிட் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் ஜெட்டியில், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் காலை வெயிலில், சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஜெசிந்தா நின்றாள். ஐம்பத்து நாலு வயது மெக்கானிக், எத்தனையோ லாஞ்சுகளின் வயிற்றுக்குள் போய் வந்தவர், கால் இறங்க மாட்டேன் என்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது. மூட்டுவலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முழங்காலைத் தடவிக்கொண்டார். பதினோரு வருஷமாக இந்த லாஞ்சைக் கட்டுகிற பக்கம் அவர் வந்ததில்லை. ஐஸ் பேக்டரி வழியாகச் சுற்றிப் போவார், கேட்டால் அந்தப் பக்கம்தான் நிழல் என்பார். நிழலாவது மண்ணாவது. இந்த எஞ்சின் ரூமில், இடது எஞ்சினுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில், அவருடைய சிநேகிதன், அப்போது இந்த லாஞ்சின் டிரைவராக இருந்த மெல்கியோர் செத்துக் கிடந்தான். குடித்துவிட்டுக் கிடந்து செத்தான் என்று லாஞ்சு முதலாளி சொன்னார், ஊர் சொன்னது, கடைசியில் அவன் பெண்டாட்டியும் அதையே சொன்னாள். அவன் குடிக்கவில்லை என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் உண்டு, அந்த ஆள் இப்போது ஐந்தாவது படியில் முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண்டாட்டிதான் ஜெசிந்தா. இந்த லாஞ்சை விலைக்கு வாங்கப் போகிறாள். வாங்கலாமா, எஞ்சினில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்ல அவரைத்தான் கூட்டி வந்திருக்கிறாள்.

"என்ன அண்ணே, பயமா இருக்கா?" என்றாள் மேலிருந்து. "உள்ள அந்தாளு உக்காந்திருந்தா நான் வந்திருக்கேன்னு சொல்லுங்க. கேக்க வேண்டியது நாலு கேள்வி இருக்கு."

பெனடிட் சிலுவை போட்டுக்கொண்டான். கஸ்பார் சிரித்தார், சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்த கையோடு மிச்சம் மூன்று படியையும் இறங்கிவிட்டார்.

கீழே டீசல் வாடை, அதற்கு அடியில் உப்பு ஊறின மரத்தின் வாடை, அதற்கும் அடியில் இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று இல்லவே இல்லை, நாமாக நினைத்துக்கொள்வதுதான் என்று அவருக்குத் தெரியும், இருந்தும் மூக்கு அதையேதான் தேடியது. டார்ச்சைத் தரைப் பலகை பக்கம் திருப்பாமல் எஞ்சின்கள் மேலேயே வைத்துக்கொண்டார். ரெண்டு எஞ்சின், ஒரே நாளில் இறக்கினது, ஒரே பச்சை பெயின்ட். வலது எஞ்சின் யோக்கியன், சொன்ன பேச்சுக் கேட்கும். இடதுதான் அன்றைக்கும் தொல்லை, இன்றைக்கும் தொல்லை. கருப்பாகப் புகை தள்ளுகிறது, வேகம் பாதிக்கு மேல் ஏற மறுக்கிறது, ஒரு பக்கம் மட்டும் உந்துவதால் லாஞ்சு நேராக ஓடாமல் இழுக்கிறது என்று பெனடிட் வருகிற வழியிலேயே ஒப்பித்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல, அடுத்து என்ன சொல்வான் என்று கஸ்பாருக்குத் தெரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதையே, இதே வரிசையில், மெல்கியோர் சொன்னான். யார் இந்த லாஞ்சை இத்தனை காலம் வைத்திருந்தார்கள், எவன் வேலை பார்த்தான், ஒருத்தனாவது முழுசாகப் பிரித்துப் பார்த்தானா என்று அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் கொஞ்ச தூரம் போய்விட்டு, வழி தெரிந்த நாய் மாதிரி, அவரிடமே திரும்பி வந்தது. நீ பார்த்தாயா, முதலில் நீ பார்த்தாயா? சரி, ஸ்டார்ட் பண்ணு என்று மேலே குரல் கொடுத்தார்.

இடது எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. பெனடிட் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "கரியாத்தான் வருது அண்ணாச்சி" என்று கத்தினான். வரும், வேறெப்படி வரும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் எரியாத டீசல், இல்லாவிட்டால் தண்ணீர். கருப்பு என்றால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, எரிகிற டீசலுக்குத் தக்க காற்று இல்லை. காற்றைக் கொடுக்க வேண்டியது டர்போ. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகைதான் டர்போவைச் சுற்ற வைக்கிறது, அது சுற்றுகிற வேகத்தில் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குகிறது. விட்ட மூச்சைக் கொண்டே அடுத்த மூச்சை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு, யார் கண்டுபிடித்தானோ, நல்ல மண்டைக்காரன். காற்று போதவில்லை என்றால் ரெண்டில் ஒன்று. டர்போ கெட்டிருக்க வேண்டும், அல்லது டர்போவுக்கு வந்து சேர வேண்டிய புகை வழியில் எங்கோ ஒழுக வேண்டும். ஒழுகுகிற புகை எங்கே போகும்? இந்த ரூமுக்குள்தான் போகும். நிறுத்து, நிறுத்து என்று அவர் போட்ட சத்தத்தில் பெனடிட் என்னவோ ஏதோ என்று எஞ்சினை அணைத்துவிட்டான். ஒன்றுமில்லை, டர்போவைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் என்றார் கஸ்பார்.

காற்றுக் குழாயைக் கழற்றி ரெண்டு விரலை உள்ளே விட்டார். டர்போவின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், ஆடவில்லை. சுற்றிவிட்டார், வழுக்கிக்கொண்டு சுற்றியது. இறக்கைகள் எங்கும் உரசவில்லை, ஆயில் கசியவில்லை. டர்போ சுத்தம். டர்போவில் குற்றமில்லை என்று அவருக்கு இப்போதுதானா தெரியும்? ரெட்டை எஞ்சின் லாஞ்சில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இடது டர்போவைக் கழற்றி வலதில் பூட்டு, வலதில் இருந்ததை இடதில் பூட்டு, ஓட்டிப் பார். கருப்புப் புகை டர்போவோடு கூடவே வலது பக்கம் போனால் குற்றம் டர்போவில். இடதிலேயே இருந்தால் குற்றம் எஞ்சினில் வேறெங்கோ. துறைமுகத்தில் எல்லாரும் செய்வதுதான். அந்த டிசம்பரில், விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கஸ்பாரும் அதைத்தான் செய்தார். வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குக் காய்கறியும் குடிதண்ணீரும் ஏற்றி முடித்து லாஞ்சு நின்றது, கப்பல் சாயங்காலம் நங்கூரம் தூக்குகிறது, முதலாளி ஜெட்டியில் குடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மெல்கியோர் டார்ச் பிடித்தான். ரெண்டு பேரும் ஒரே தெருவில், மூவரசர் திருநாளை ஒட்டி ஒரே வாரத்தில் பிறந்தவர்கள், அதனால் அந்த ராசாக்களில் ரெண்டு பேருடைய பேரையே வைத்தார்கள், கோவில் பேரேட்டில் அடுத்தடுத்து கஸ்பார், மெல்கியோர். மூணாவது ராசா எங்கல என்று கேட்டுக் கேட்டே ஊர் அவர்களை வளர்த்தது. அன்றைக்கு எஞ்சின் ரூமில் அவனே அதைச் சொன்னான். "மூணாவது ராசா இருந்தா அவன்கிட்ட டார்ச்சைக் குடுத்துட்டு நான் செத்த நேரம் படுப்பேம்ல. தலை பாரமா இருக்கு. ஒரு வாரமா கீழ வந்தாலே இப்படித்தான்." கஸ்பார் நட்டை முறுக்கிக்கொண்டே, "ராத்திரி ஒழுங்கா தூங்கு, எல்லாம் சரியாயிரும்" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டர்போவைப் பூட்டுகிற இடத்துக்குப் புது பேக்கிங் வேண்டும். பேக்கிங் என்றால் ரெண்டு இரும்புக்கு நடுவே புகை ஒழுகாமல் வைக்கிற தகடு, ஒரு தடவை கழற்றினால் தூர எறிந்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும் என்பது நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டும், மழை, முதலாளி, கடிகாரம். பழையதையே துடைத்து, ரெண்டு பக்கமும் சிவப்புப் பசையை அப்பி, அழுத்திப் பூட்டினார். ஓட்டிப் பார்த்தார்கள். கருப்புப் புகை இடதிலேயே இருந்தது. அப்படியென்றால் டர்போ இல்லை, புகை வழியில் ஒழுகுகிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்ட கேள்விக்கு எஞ்சின் பதில் சொல்லிவிட்டது. கஸ்பார்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு ட்ரிப்தானல, மெதுவா போயிட்டு வா, நாளைக்குப் பிரிச்சுப் பாக்கேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், சூடை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மழைக்கு இதமாகப் படுத்துத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை அவர் மறக்கவே இல்லை. அவ்வளவு நல்ல தூக்கம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கடலில் மழை வலுத்து, அலை தெறித்து, மேலே இருந்தவர்கள் எஞ்சின் ரூம் மூடியை அடைத்தார்கள். முழுப் பாரத்தோடு எதிர் அலையில் இடது எஞ்சின் மூச்சு முட்டிக்கொண்டு ஓடியது. ஸ்டார்ட் செய்வது மேலே என்றாலும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது கீழே, மெல்கியோர் கையில்; கப்பலை ஒட்டியதும் மேலிருந்து மணி அடித்தார்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லி. கீழே வேகம் குறையவில்லை. இன்னொரு தரம் அடித்தார்கள்.

பாட்டிலை நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இந்த இடம் வரைக்கும் வந்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிவிடுவார். குளித்துக்கொண்டிருந்தால் பாட்டுப் பாடுவார், பைக்கில் போய்க்கொண்டிருந்தால் ஹாரன் அடிப்பார். இங்கே எதை அடிப்பது. மெல்கியோர் பக்கத்தில் ஒரு பிராந்தி பாட்டில் கிடந்தது, அதுதான் விஷயம். முதலாளி அதை ஜெட்டியில் எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். மூணு வருஷம் நாலு மாசத்துக்கு முன்னால் மாதா திருவிழாவில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு, இனி தொட மாட்டேன் என்று பீடத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவன், பாருங்கய்யா லட்சணத்தை என்றார். முகத்தைப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு என்றார்கள். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் கஸ்பார் நின்றார். அது அவருடைய பாட்டில். அவர் கழற்றிய சாமான்களைக் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்த பாட்டில், எல்லா மெக்கானிக்கும் கொண்டுபோவதுதான், மண்ணெண்ணெய்க்கென்று தனியாக யார் பாட்டில் செய்து விற்கிறான். வேலை முடிந்ததும் மறந்து வைத்துவிட்டுப் போனார், அது உருண்டு அவனிடம் போய்ச் சேர்ந்தது. வாயைத் திறந்தார். பாட்டில் என்னுது என்றால், நீ அங்கே என்ன வேலை பார்த்தாய், எதைக் கழற்றினாய், எதைப் பூட்டினாய் என்று அடுத்தடுத்து வரும். வாயை மூடிக்கொண்டார். முதலாளி பாட்டிலைக் கடலில் எறிந்தார், அவருக்கும் கேள்விகள் வேண்டாம் போலிருக்கிறது. ரெண்டு வருஷம் கழித்து ஒரு கப்பல் இன்ஜினியர் பேச்சுவாக்கில் சொன்னார், புகை விஷம் ஏறிச் செத்தவன் முகம் வெளுக்காது, வெயிலில் நின்றவன் மாதிரி சிவந்திருக்கும் என்று. அன்றையிலிருந்து கஸ்பாருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பழைய பேக்கிங்தான். அவர் அப்பிய சிவப்புப் பசையைத் தாண்டிக்கொண்டு புகை வந்திருக்கிறது. பதினோரு வருஷமும் அவர் ராத்திரிகளில் அந்த நாலு போல்ட்டைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெனடிட், ஊதுபத்தி இருக்கா?" என்று கேட்டார். மேலே சுக்கானருகில் மாதா படத்துக்கு ஏற்றுகிற கட்டு ஒன்று இருந்தது. ஒரு பத்தியைப் பற்றவைத்து எடுத்துக்கொண்டு நாலாவது படி வரைக்கும் இறங்கி, அதற்குமேல் வராமல் கையை நீட்டினான் பெனடிட். "மந்திரிக்கப் போறீங்களா அண்ணாச்சி?" "ஆமா, போல்ட்டுக்கு." அவன் சிரிக்கவில்லை. "இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன். கீழ ஒரு மணி நேரம் இருந்தா போதும், யாரோ ரெண்டு கையாலயும் தலையை அமுக்குற மாதிரி இருக்கும். குமட்டும். கண்ணுக்குள்ள பூச்சி பறக்கும். போன வருசம் ஒருத்தன் மெல்கியோர் அண்ணன் குரலையே கேட்டிருக்கான். மேல வந்து காத்து வாங்கினா சரியாயிரும். அதான் நாங்க யாரும் இந்த மூடியை அடைக்கதே இல்ல, மழையானாலும் புயலானாலும் தெறந்துதான் கெடக்கும். அவர் வெளிய வரணும்னா வரட்டும்னு." கஸ்பார் பத்தியை வாங்கிக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணு என்றார்.

புகைக் குழாயில் ஒழுகல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊதுபத்தியைப் பக்கத்தில் கொண்டுபோனால் தெரியும், நேராக ஏறுகிற பத்திப் புகை ஒழுகல் இருக்கிற இடத்தில் சிதறிவிடும். அவர் டர்போ பூட்டியிருந்த இணைப்புக்குக் கொண்டுபோனார். நாலு போல்ட், அதில் ஒன்று தலை வேறு மாதிரி, அன்றைக்குக் கையில் கிடைத்ததைப் போட்டது. விளிம்பில் சிவப்புப் பசை கெட்டியாகக் காய்ந்திருந்தது. யாரும் தொடவில்லை, அதே பேக்கிங், பதினோரு வருஷமாக அதேதான். என்னல ராசா, பாரு என்று காதுக்குப் பின்னால் யாரோ சொன்ன மாதிரி இருந்தது, எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கும். பத்தியை முதல் போல்ட்டுக்கு அருகில் பிடித்தார். புகை நேராக ஏறியது. ரெண்டாவது, நேராக. மூன்றாவது, நாலாவது, சுற்றி, அடியில், மறுபடி மேலே. ஒரு நூல்கூட அசையவில்லை. பழைய பேக்கிங் சொட்டு ஒழுகாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் எஞ்சினின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இல்லை. நான் பூட்டினது தப்பில்லை. வேறு எதனாலோ செத்திருக்கிறான், நெஞ்சுவலியாக இருக்கும், யார் கண்டது, குடித்தேகூட இருக்கலாம், நாம் பாட்டுக்கு இத்தனை வருஷம் பைத்தியக்காரன் மாதிரி. கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. குடித்தேகூட இருக்கலாம் என்று தன் மனசு எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டது என்பதைக் கவனித்தார், கூசியது. கையில் பத்தி எரிந்துகொண்டிருந்ததை மறந்துபோனார். அந்தக் கை தன்பாட்டுக்கு முழங்காலில் கிடந்தது, பத்திப் புகை மேலே ஏறி, எஞ்சினோடு ஒட்டின பெரிய புகைக் குழாயைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றருகில் போய், நடுங்கி, கிழிந்து, காணாமல் போனது.

கையை நகர்த்தினார், புகை நேரானது. திரும்பக் கொண்டுவந்தார், கிழிந்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சூடு ஆறுகிற வரைக்கும் காத்திருந்தார். எவ்வளவு நேரமோ, மேலே ஜெசிந்தா யாரிடமோ தக்காளி விலை பேசுகிற சத்தம் கேட்டது. கத்தியால் கயிற்றை அறுத்தார். சூடு கையில் படாமலிருக்கச் சுற்றிவைக்கிற கயிறு, எஞ்சினை இறக்கின நாளில் சுற்றினது, கருகி நார் நாராக வந்தது. அடியில், இரும்பில், ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. விரல் நகம் உள்ளே போகிற அகலம். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார், இது போன மாசம் விழுந்தது, போன வருஷம் விழுந்தது என்று எதையாவது சொல்லிக்கொள்ள அவர் தயாராகத்தான் இருந்தார். வெடிப்பின் ரெண்டு உதட்டிலும் கரி தடித்து, கல்லாகி, அடுக்கடுக்காக ஏறியிருந்தது. அடி அடுக்கைக் கத்தி முனையால் சுரண்டினால் துரு, துருவுக்குக் கீழே மறுபடி கரி. முப்பத்து மூன்று வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவருக்குக் கரியின் வயசு தெரியாமலா போகும். அன்றைக்கு இது இருந்தது. டர்போவுக்குப் போகிற வழியில், இங்கேதான் புகை ஒழுகியது. டர்போவை மாற்றிப் பூட்டியும் கருப்புப் புகை இடதிலேயே இருந்தபோது, எஞ்சின் கை நீட்டிக் காட்டியது இந்த இடத்தைத்தான். கயிற்றை அறுக்க அரைமணி நேரம் போதும். ஒரு வாரமா தலை பாரமா இருக்கு என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். பேக்கிங், போல்ட், பசை என்று இத்தனை காலம் தன்னை அடித்துக்கொண்டதெல்லாம் சுகமாக இருந்தது என்று இப்போது பட்டது. கைப்பிழை யாருக்கும் வரும். இது கைப்பிழை இல்லை, கேட்காத காதின் பிழை. பெனடிட்டின் தலையை அமுக்குகிற ரெண்டு கையும் இந்த வெடிப்பிலிருந்துதான் வருகிறது. பேய்க்குப் பயந்து ஊர் மூடியைத் திறந்து வைத்ததால்தான் இன்னொருத்தன் சாகவில்லை. செத்த மெல்கியோர் பதினோரு வருஷம் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். கஸ்பார் ஐஸ் பேக்டரி வழியாகப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, சத்தத்தையே காணும்? டர்போ போச்சா?"

இதோ, அவளே எடுத்துக் கொடுக்கிறாள். ஆமா தங்கச்சி, டர்போதான் என்று சொன்னால் போதும். அந்தக் குழாயைக் கழற்றிக்கொண்டுபோய் ரகசியமாகப் புதுசு போட்டுவிடலாம், இனி யாருக்கும் தலை வலிக்காது, பேயும் போய்விடும், கஸ்பார் அண்ணாச்சி மந்திரித்து ஓட்டினார் என்று பெனடிட் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவளுக்கு லாஞ்சு கிடைக்கும். புருஷன் போன பிறகு கூடையில் காய்கறி சுமந்து, பிறகு வண்டி வைத்து, இப்போது கப்பல் கப்பலாகச் சப்ளை கொடுக்கிறவள், வாடகை லாஞ்சுக்காரன்களிடம் கெஞ்சியது போதும் என்றுதான் யாரும் வாங்கத் துணியாத இந்த லாஞ்சைக் கேட்கிறாள். அந்தாளு செத்த இடம்னு ஊரு பயப்படுது, எனக்கென்ன பயம், என்னைய நடுத்தெருவுல விட்டுட்டுக் குடிச்சுச் செத்தவருக்கு நான் பயப்படணுமா என்று போன வாரம் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். கல்லறைத் திருநாளுக்கு அவன் கல்லறையில் அவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினதில்லை. விடிவதற்குள் போய் கஸ்பார்தான் ஏற்றிவிட்டு வருவார். ஒரு வருஷம் எதிரே வந்துவிட்டாள், குடிகாரனுக்கு எதுக்கு அண்ணே மெழுகுவர்த்தி என்றாள், அவரும் தலையை ஆட்டினார். ஆட்டின தலை இது. சொல்லு, டர்போ என்று சொல்லு. யாருக்கு நஷ்டம். செத்தவனுக்கா, அவன் குடிகாரனாக இருந்து பழகிவிட்டான். உண்மையைச் சொல்லாவிட்டால் அவள் இந்த லாஞ்சில் ஏறும்போதெல்லாம், இந்த மூடியருகில் நின்று, அந்த நாலு கேள்வியையும் இல்லாத ஒருவனிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். பயமாக இருந்தது. மெல்கியோரைப் பற்றிய பயம் இத்தனை வருஷம் ஆளைத் தின்றது, இப்போது அது எங்கே போனதென்றே தெரியவில்லை, மேலே நிற்கிற பொம்பளையைப் பார்த்துத்தான் பயம்.

"டர்போ நல்லாத்தான் இருக்கு" என்று அவர் வாயிலிருந்து வந்தது. "நீ கீழ வா தங்கச்சி."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள், எந்தப் படியிலும் நிற்கவில்லை. கஸ்பார் டார்ச்சை வெடிப்பின் மேல் பிடித்தார். பிடித்துக்கொண்டே சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல் இரும்பைப் பார்த்தே சொன்னார். "இது புதுசு இல்ல. அன்னைக்கே இருந்துச்சு. இது வழியா வந்த புகைதான் அவனைக் கொன்னுச்சு. மழைன்னு மேல மூடிட்டாங்க, புகை போக வழியில்ல. முகம் செவந்தது அதனாலதான். அவன் குடிக்கல, ஜெசிந்தா. அந்தப் பாட்டில் என்னுது. மண்ணெண்ணெய் பாட்டில். சாமான் கழுவிட்டு மறந்து வச்சிட்டுப் போயிட்டேன். முதலாளி தூக்கிக் காட்டும்போது நான் அங்கதான் நின்னேன்."

அவள் வெடிப்பில் ஒரு விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் இழுத்தாள். விரல் கருப்பாகிவிட்டது.

"தெரிஞ்சே சொல்லல."

"தெரிஞ்சேதான்."

"வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு கேக் கொடுத்து விட்டீங்க."

"ஆமா."

"பிள்ளைக தின்னுச்சு" என்றாள். மேலே பெனடிட் என்ன அண்ணாச்சி, என்ன அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அடிப்பாள் என்று கஸ்பார் காத்திருந்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் அடிக்கவில்லை. அவர் இத்தனை நேரமும் டார்ச் காட்டாத இடத்தை, எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த தரையை, பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலம்தான் இருக்கும். "நடுவீட்டுல கொண்டாந்து கெடத்துனப்ப வாயை மோந்து பாத்தேன்" என்றாள். "ஒரு வாடையும் இல்ல. செத்த வாயில என்ன வாடை வரும்னு இருந்துட்டேன். ஊரே சொல்லுதே." தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"ஒரு வாரமா தலை பாரமா இருக்குன்னான். ஒழுங்கா தூங்குன்னு சொல்லி அனுப்புனேன்."

ஜெசிந்தா தலையசைத்தாள். கரி படிந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாதவள் மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயும் அதான் சொன்னாவ. அன்னைக்குக் காலையில, சோறு வைக்கும்போது. ராத்திரி தண்ணி போட்டீங்களோன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல அண்ணே. தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ."